அட்வைஸ் பண்ணாதீங்க!

கும்மிடிப்பூண்டியில் கிளம்பும் சாயங்கால லோக்கல் ரயிலில் ஜன்னலோர சீட் கிடைப்பது பூர்வஜென்ம புண்ணியம். 2012ல் ஒரு நாள் எனக்கு அந்தப் புண்ணியம் வாய்த்தது. கூடவே ஒரு பாவமும் வாய்த்தது. இந்த வாரம் அந்தப் பாவக்கதைதான்.

அப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் இருந்தேன். பி.காம். முடித்த சூடு ஆறாத நேரம். சட்டைப் பையில் ரெண்டு பேனா. மடியில் இங்கிலீஷ் பேப்பர். (படித்தாயா என்று கேட்காதீர்கள். விரித்து வைத்திருந்தேன்.) இப்படி இங்கிலீஷ் பேப்பரோடு உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு ஆபத்து உண்டு. அவனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நாலு பேர் நம்பிவிடுவார்கள்.

எதிர் சீட்டில் ஓர் அண்ணன். பக்கத்துக் கம்பெனியில் எட்டு வருஷமாக மெஷின் ஆபரேட்டர். காலையில் சிப்காட் போகும் வழியில் தினம் பார்க்கிற முகம். பத்துப் பன்னிரண்டு நாளாகக் காணோம். பையனுக்கு மஞ்சள் காமாலையாம். சென்னையில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். ராத்திரிச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறார். காலடியில் டிபன் கேரியர் பை. கையில் ஒரு காகிதம்.

"தம்பி, கம்பெனிலேர்ந்து லெட்டர் வந்துருக்கு. இன்னான்னு கொஞ்சம் பார்த்து சொல்லேன்."

ரிஜிஸ்டர் தபால். முழுக்க இங்கிலீஷ். ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டிவிட்டது. நான் பொன்னேரியில் இறங்க வேண்டும். முதல் பாராவைப் படித்தேன். 'யூ ஆர் ஹியர்பை அட்வைஸ்டு டு ரிப்போர்ட் ஃபார் ட்யூட்டி...' என்று போனது.

"பயப்படாதீங்கண்ணே! வேலைக்கு வரச் சொல்லி அட்வைஸ்தான் பண்ணியிருக்காங்க. ஆர்டர் ஒண்ணும் இல்ல. பையனுக்கு உடம்பு தேறட்டும். நிதானமா போங்க."

அவர் முகம் தெளிந்தது. காகிதத்தை நாலாக மடித்து டிபன் கேரியர் பையில் சொருகிக்கொண்டார். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நான் பொன்னேரியில் இறங்கினேன்.

ரெண்டாவது பாராவை நான் படிக்கவில்லை. அது 'ஃபெயிலிங் விச்...' என்று ஆரம்பித்திருந்தது. அதாவது, 'தவறினால்...'

கெடு மூன்று நாள். அண்ணன் என் பேச்சை நம்பி ஆறாவது நாள் போயிருக்கிறார். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். "உங்க பேரு ரோல்லயே இல்லீங்களே" என்று சொல்லிவிட்டாராம் செக்யூரிட்டி. எட்டு வருஷ வேலை ஒரு வார்த்தையில் போச்சு. அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்ன மேதாவி அடியேன்!

* * *

அட்வைஸ் என்ன, டிக்ஷனரியைப் புரட்ட வேண்டிய வார்த்தையா? நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். அங்கேதான் வம்பு. தெரியாத வார்த்தை வந்தால் நாலு பேரிடம் கேட்போம். தெரிந்த வார்த்தை வந்தால் கேட்க மாட்டோம். ஆளைக் கவிழ்ப்பது எப்போதும் தெரிந்த வார்த்தைதான்.

அட்வைஸ் தமிழ்நாட்டுக்குக் குடிவந்ததும் அதற்குத் தனியாக ஒரு அர்த்தம் வந்துவிட்டது. அது மாமா பண்ணுவது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது பெரியவர்கள் பண்ணுவது. கைமாற்று கேட்டால் பணத்துக்குப் பதிலாகக் கொடுப்பது. காது கொடுத்துக் கேட்டால் போதும், கடைப்பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'சும்மா அட்வைஸ் பண்ணாதப்பா' என்று எழுந்து போய்விடலாம். நான் அந்த இங்கிலீஷ் லெட்டரில் படித்தது இந்தத் தமிழ் அட்வைஸை!

ஆபீஸ் இங்கிலீஷில் அட்வைஸ் என்றால் வேறு. பாங்கில் 'க்ரெடிட் அட்வைஸ்' கொடுக்கிறார்கள். மேனேஜர் உங்களுக்கு நற்போதனை செய்கிறார் என்றா அர்த்தம்? கணக்கில் பணம் வந்துவிட்டது என்ற தகவல். பி.காம்.காரனுக்கு இது பாடத்திலேயே உண்டு. அதே வார்த்தை 'யூ ஆர் அட்வைஸ்டு' என்று லெட்டரில் வந்தால் அது உத்தரவு. டை கட்டிக்கொண்டு வந்த உத்தரவு.

தமிழிலும் இது இல்லாமல் இல்லை. பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்துவிடும்போது, 'கொசஸ்தலை ஆற்றின் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல அறிவுறுத்தப்படுகிறார்கள்' என்று அறிவிப்பு வரும். அதை மாமா அட்வைஸாக எடுத்துக்கொண்டால் ஆற்றோடு போக வேண்டியதுதான்.

அந்த 'படுகிறார்கள்' இருக்கிறதே, அதையும் கவனியுங்கள். பள்ளிக்கூடத்தில் ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் என்று மாற்றி மாற்றி எழுதச் சொன்னார்கள். ராமன் ராவணனைக் கொன்றான், ராவணன் ராமனால் கொல்லப்பட்டான். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று அப்போது புரியவில்லை. கம்பெனி லெட்டரைப் பார்த்ததும் புரிந்தது. பாஸிவ் வாய்ஸில் எழுதினால் கொன்றவன் பெயரை எழுதாமலே விட்டுவிடலாம்! 'நான் உத்தரவு போடுகிறேன்' என்று யாரும் எழுதுவதில்லை. 'அட்வைஸ்டு', 'ரெக்வெஸ்டட்', 'இன்ஃபார்ம்டு'. யார் செய்தது என்றே தெரியாது. யாருக்கு என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

இதில் ஸ்பெல்லிங் கூத்து வேறு. கடைசியில் சி போட்டால் அட்வைஸ் பெயர்ச்சொல். எஸ் போட்டால் வினைச்சொல். எஸ் போட்டதைச் சொல்லும்போது கடைசியில் தேனீ மாதிரி லேசாக ரீங்காரம் வர வேண்டும். நம் எழுத்தில் இரண்டும் ஒன்று, நம் நாக்கிலும் ஒன்று. டிவைஸும் இதே ஜாதி. சி போட்டால் கருவி, எஸ் போட்டால் உருவாக்குவது. பிராக்டிஸ், லைசென்ஸ் இரண்டுக்கும் பிரிட்டிஷ்காரன் அதே மாதிரி சி, எஸ் மாற்றுகிறான், சத்தம் மட்டும் மாறாது. அமெரிக்காக்காரனுக்குப் பொறுமை இல்லை. பிராக்டிஸுக்கு எப்போதும் சி, லைசென்ஸுக்கு எப்போதும் எஸ் என்று முடித்துவிட்டான்.

நமக்கு இந்தத் தொல்லையே கிடையாது. நம்மிடம் 'பண்ணு' இருக்கிறது! எந்த இங்கிலீஷ் வார்த்தையைப் பிடித்தாலும் பின்னால் ஒரு பண்ணு ஒட்டினால் வினைச்சொல் ரெடி. அட்வைஸ் பண்ணு, அப்ரூவல் பண்ணு, ரிலீவ் பண்ணு. அருமையான வசதி. ஆனால் பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது என்று யோசிக்கிற பழக்கம் நமக்கு விட்டுப்போனதும் அதனால்தான்.

* * *

அண்ணன் விஷயத்துக்கு வருவோம். ரோலில் பெயர் அடிப்பதற்கு இங்கிலீஷில் 'ஸ்ட்ரக் ஆஃப்' என்று பெயர். ஸ்ட்ரைக் - ஸ்ட்ரக் - ஸ்ட்ரக். எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட ஸ்ட்ரைக் பண்ணாத மனிதர். அவர் பெயர் ஸ்ட்ரக் ஆஃப். ஒரே வினைச்சொல்தான். நிகழ்காலத்தில் தொழிலாளி கையில் இருக்கிறது, இறந்தகாலத்தில் முதலாளி கைக்குப் போய்விடுகிறது!

லெட்டரின் ரெண்டாவது பாராவில் இன்னொரு வார்த்தையும் இருந்தது. 'டீம்டு'. வேலையை அவரே விட்டுவிட்டதாகக் 'கருதப்படும்'. நடந்ததோ நடக்கவில்லையோ, நடந்ததாக வைத்துக்கொள்வது. கோர்ட், கச்சேரி, கம்பெனி எல்லாவற்றிலும் இந்த டீம்டுக்கு யானை பலம்.

ஆனால் யானைக்கும் அங்குசம் உண்டு. எனக்கு அன்று தெரியாது, பிறகு யூனியன்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்தது. ரோலில் பெயரை அடிப்பதும் ஆட்குறைப்புதான் என்று 1977லேயே டெல்லி கிளாத் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1993ல் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கு. எட்டு நாளுக்கு மேல் சொல்லாமல் வராமல் இருந்தால் வேலையை விட்டதாகக் கருதப்படும் என்பது அந்தக் கம்பெனியின் நிலையாணை. 'நான் தினமும் வந்தேன், கேட்டில் விடவில்லை' என்றார் தொழிலாளி. விசாரணை எதுவும் வைக்காமல், அவர் பக்கத்தையும் கேட்காமல் வேலையைப் பறிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, பாதிச் சம்பளப் பாக்கியோடு அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது.

இதை வைத்துக்கொண்டு அண்ணனும் அலைந்தார். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்கும் போனார். கும்மிடிப்பூண்டிக்கு மாவட்டத் தலைநகரம் திருவள்ளூர். ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னைக்குப் போய் வேறு லைன் மாற வேண்டும். ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்தது நான். ஊரைச் சுற்றியது அவர்.

பதினோரு மாதம் கழித்து ஒரு தொகை பேசி முடித்தார்கள். கையெழுத்துப் போட்ட காகிதத்தின் தலைப்பு, 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்'.

* * *

செட்டில் என்பது எவ்வளவு சந்தோஷமான வார்த்தை! 'பையன் செட்டில் ஆயிட்டான்' என்றால் வேலை, வீடு, பெண்டாட்டி எல்லாம் அமைந்துவிட்டது என்று அர்த்தம். அப்பா மகளுக்கு வீட்டை எழுதி வைத்தால் செட்டில்மென்ட் பத்திரம். சம்பள உயர்வு ஒப்பந்தமும் செட்டில்மென்ட்தான். பழைய தொழிலாளிகளிடம் 'பன்னிரண்டு மூணு' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். பழைய சட்டத்தின் 12(3) பிரிவில் அதிகாரி முன்னால் போட்ட ஒப்பந்தம். அதே செட்டில்மென்டுக்கு முன்னால் ஃபுல் அண்ட் ஃபைனல் என்று வந்தால் கதை முடிந்தது. செட்டில் ஆனவனுக்கு வேலை உண்டு. செட்டில்மென்ட் வாங்கினவனுக்கு வேலை இல்லை.

கேசுவலும் அப்படித்தான். ஆபீசில் இருப்பவனுக்கு கேசுவல் லீவ். ஹாயாக வீட்டில் கிரிக்கெட் பார்க்கலாம், சம்பளம் பிடிக்க மாட்டார்கள். ஷாப் ஃப்ளோரில் இருப்பவன் கேசுவல் லேபர். நாளைக்கு வேலை உண்டா என்று கேட்டில் நின்று கேட்க வேண்டும். ஒரே வார்த்தை, ஏ.சி. ரூமில் ஒரு அர்த்தம், கேட்டுக்கு வெளியே ஒரு அர்த்தம்.

ரிலீஃப், ரிலீவ் ஜோடியைப் பாருங்கள். எஃப் வந்தால் பெயர்ச்சொல், வி வந்தால் வினைச்சொல். ப்ரூஃப் - ப்ரூவ், பிலீஃப் - பிலீவ் எல்லாம் இந்தக் குடும்பம். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் ரிலீவர். அவர் வராவிட்டால் நீங்கள் டபுள் ஷிப்ட். அவர் வந்துவிட்டால் அப்பாடா, ரிலீஃப்! 'யூ ஆர் ரிலீவ்டு' என்று லெட்டரே வந்தால் அப்பாடா இல்லை, ஐயையோ.

லே-ஆஃபை விட்டுவிட்டுப் போக முடியாது. 'லே' என்றால் எங்கள் சார் சொல்லிக்கொடுத்தது முட்டையிடுவது. லே - லெய்ட் - லெய்ட். படுப்பது வேறு, அது லை - லே - லெய்ன். படுப்பதன் இறந்தகாலமும் லே, முட்டையிடுவதன் நிகழ்காலமும் லே. இங்கிலீஷ்காரர்களே தடுமாறுகிற இடம் இது.

இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் லே-ஆஃப் என்றால் சீட்டு கிழிந்தது என்று அர்த்தம் பண்ணுகிறார்கள். அது அமெரிக்க அர்த்தம். நம் ஊர்ச் சட்டத்தில் லே-ஆஃப் என்றால் வேலை போகவில்லை. கரண்ட் இல்லை, கச்சாப்பொருள் இல்லை, மெஷின் ரிப்பேர், சரக்கு தேங்கிவிட்டது என்று கொஞ்ச நாள் வேலை கொடுக்க முடியாத நிலை. ஐம்பது பேருக்குக் குறையாத தொழிற்சாலையில், மஸ்டர் ரோலில் பெயர் இருந்து ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கொடுக்க வேண்டும். முழுமுட்டை இல்லை, ஆஃப்பாயில்! கேசுவலுக்கும் பதிலி ஆளுக்கும் அந்த ஆஃப்பாயிலும் கிடையாது. 1947ஆம் வருஷத் தொழிற்தகராறுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21ல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. இந்தப் பாதிக் கணக்கு அதிலும் இருக்கிறது.

ஆகவே அமெரிக்காவில் மச்சான் லே-ஆஃப் ஆனான் என்றால் துக்கம் விசாரியுங்கள். இங்கே லே-ஆஃப் நோட்டீஸ் ஒட்டினால் முதலில் கேட்க வேண்டியது, 'பாதிச் சம்பளம் உண்டுதானே?'

அதனால்தானோ என்னவோ, கம்பெனிகள் வேறு வார்த்தையும் வைத்திருக்கின்றன. 2019 செப்டம்பரில் வண்டி விற்பனை படுத்தபோது அசோக் லேலண்ட் எண்ணூரில் 16 நாளை 'நான்-ஒர்க்கிங் டே' என்று அறிவித்தது. வேலை செய்யாத நாள். கேட்டால் லீவு மாதிரித்தான் இருக்கிறது. 2012 வாக்கில் மின்வெட்டுக் காலத்தில் தொழிற்சாலைகளுக்கு 'பவர் ஹாலிடே' விட்டார்கள். ஹாலிடே என்ற வார்த்தையைக் கேட்டு வயிறு கலங்கியது அந்த ஒரு தடவைதான்.

* * *

இந்த மொழிச் சிக்கல் சட்டம் போட்டவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 1946ஆம் வருஷ நிலையாணைச் சட்டமும் 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமும் ஒரே மாதிரி ஒரு காரியம் சொல்லியிருந்தன. நிலையாணையும் நோட்டீசும் இங்கிலீஷில் இருந்தால் போதாது, பெரும்பாலான தொழிலாளிகளுக்குப் புரிகிற மொழியிலும் ஒட்ட வேண்டும். சுவரில் ஒட்டுவதற்குத் தமிழ் வந்தது. ரிஜிஸ்டர் தபாலில் வீட்டுக்கு வந்த லெட்டர்தான் இங்கிலீஷாகவே இருந்தது. இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் விடும்போது இந்தியும் ஒடியாவும் காதில் விழுகின்றன. அந்தப் பையன்களுக்குத் தமிழும் இங்கிலீஷ் மாதிரிதான். அவர்கள் லெட்டரை எந்த ரயிலில் எந்த மேதாவி படித்துச் சொல்கிறானோ!

ஆபீசில் வேலை பார்க்கிற நம்மிடம்தான் இந்த லெட்டர்கள் வந்து சேரும். அபார்ட்மென்ட் வாட்ச்மேன், ஊர்க்காரர், ஒன்றுவிட்ட சித்தப்பா யாராவது நீட்டுவார்கள். அப்போது மூன்று காரியம் செய்யுங்கள். முதலில் தேதியைப் பாருங்கள், கெடு எத்தனை நாள் என்று. அடுத்து, கடைசிப் பாராவை முதலில் படியுங்கள். தேன் மேலே இருக்கும், கொடுக்கு கீழே இருக்கும். மூன்றாவது, புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள். கௌரவம் போகாது. போனாலும் பரவாயில்லை, இன்னொருத்தர் வேலை போகாது.

பதிலைத் தமிழில் எழுதினாலும் பதில் பதில்தான். 'பையனுக்கு உடம்பு சரியில்லை, இத்தனை நாள் லீவு வேண்டும்' என்று ஒரு வரி எழுதி அன்று ரிஜிஸ்டர் தபாலில் போடச் சொல்லியிருந்தால்? அந்த ஒரு வரியைத்தான் நான் பதின்மூன்று வருஷமாக மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

* * *

அண்ணன் இப்போது கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து சிப்காட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். என்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ரிலீஃபாக இருந்திருக்கும்.

போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். வண்டியை ஓரங்கட்டி செல்போனை நீட்டினார். காமாலையில் கிடந்த பையன் டிப்ளமா முடித்துவிட்டான். ஒரு கம்பெனியில் ட்ரெய்னி வேலை. மூன்று பக்க லெட்டர்.

"தம்பி, அட்வைஸ் எதுவும் வேணாம். அர்த்தம் மட்டும் சொல்லு."

பின்சீட்டு ஆட்கள் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கத்தினார்கள். விடவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒரு இடத்தில் வந்தது பாருங்கள், 'யூ ஆர் அட்வைஸ்டு டு ரிப்போர்ட்...'

"அண்ணே, இது அட்வைஸ் இல்ல. ஆர்டர். திங்கக்கிழமை எட்டு மணிக்குள்ள போயே ஆகணும்" என்றேன், குரல் கொஞ்சம் நடுங்க.

"அது எனக்கே தெரியும்பா" என்றார் அண்ணன். "ரெண்டாவது பாராவைப் படி."